தறிச் சத்தத்துக்குள் ஒரு நூலகம்

திருத்தணியில் நான் இறங்கிய சாயங்காலம் பாதி ஊர் மொட்டைத் தலையோடு நடந்துகொண்டிருந்தது. அப்பா மொட்டை, அம்மா மொட்டை, இடுப்பில் இருந்த குழந்தையும் மொட்டை. மூன்று தலையிலும் சந்தனம். மலையிலிருந்து மணிச் சத்தம் இறங்கி வர, ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்ட நிம்மதியில் எல்லாரும் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். ரயிலில் தூங்கி வழிந்து வந்த எனக்கு, இன்னும் விழிக்கவே இல்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"அக்கா, இந்தப் பக்கம்!" என்று ஒரு குரல் கேட்டது. ஜெசிந்தா. கணினித் திரையில் எத்தனையோ சனிக்கிழமை பார்த்துப் பழகிய முகம்தான். ஆனால் திரையில் அவளுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் இருந்ததில்லை. நேரில் பார்த்தால் என்னைவிட ஒரு தலை உயரம். கட்டிப்பிடித்துக்கொண்டபோது என் மூக்கு அவள் தோள்பட்டையில் இடித்தது.

நான் மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நூலகப் பொறுப்பாசிரியை. ஜெசிந்தா இங்கே, கே.ஜி.கண்டிகை தாண்டி ஆர்.கே.பேட்டை போகும் வழியில் ஒரு சிற்றூரின் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியை. நூலகமும் அவள் பொறுப்பு. பள்ளி நூலக ஆசிரியர்களுக்கான ஓர் இணையவழிக் கூட்டத்தில் அறிமுகமாகி, அப்புறம் இருவரும் சேர்ந்து ஒரு சிறு ஆய்வு தொடங்கினோம். பிள்ளைகள் நூலகத்துக்குள் வந்தபிறகு உண்மையில் என்ன செய்கிறார்கள்? அதுதான் கேள்வி. அவள் என் பள்ளியைத் திரையில் பார்ப்பாள், நான் அவள் பள்ளியைப் பார்ப்பேன். இந்த முறை பள்ளி விடுமுறை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டேன்.

அன்று இரவுச் சாப்பாடு ஜெசிந்தாவின் வீட்டில். கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும். எங்கள் ஊரில் நெத்திலியை நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் அலங்காரமாக வைப்பார்கள். இங்கே கருவாடு நடுநாயகமாக உட்கார்ந்து அரசாட்சி செய்தது. அவள் கணவர் அரக்கோணத்தில் வேலை பார்க்கிறார். எனக்குப் பரிமாறிக்கொண்டே மனைவியைச் சீண்டினார். "அரக்கோணத்துக்கே மாத்தல் கெடச்சிதுங்க மேடம். வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துகீது. என்ன வுட்டுட்டு லைப்ரரியக் கட்டிகினு வாழுது."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "அந்த ரூமே போயிடும் போல இருக்குக்கா. ஸ்மார்ட் போர்டு வருது. வெளிச்சம் வர்ற, கதவு கெட்டியா இருக்குற ரூமு வேணுமாம். புக்கெல்லாம் மூட்டை கட்டி ஸ்டோர்ல போட்டுடலாங்கறாரு ஹெட்மாஸ்டர். பசங்க புக்கு எடுத்துட்டுப் போறதும் கொறஞ்சி போச்சி. நீங்க வந்து பாத்துட்டு வெள்ளிக்கிழமை கூட்டத்துல என்ன சொல்றீங்களோ, அத வெச்சிதான் முடிவு பண்ணுவாராம்."

குழம்பு எனக்குப் புரை ஏறியது. விருந்தாளியாக வந்தவளை நீதிபதியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜெசிந்தா ஸ்கூட்டரில் முன்னாலேயே போய்விட்டாள். நான் தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்திலிருந்த கடையில் பொங்கல் சாப்பிட்டேன். நெய்யும் மிளகும் சேர்ந்து கண்ணைச் செருக வைத்தன. பொங்கல் சாப்பிட்டவளைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பக் கூடாது என்று யாராவது சட்டம் போடலாம். நின்ற வண்டியில் ஏறினேன், சன்னலோரம் கிடைத்தது, காற்று வந்தது, உறங்கிப்போனேன்.

விழித்தபோது எனக்கு எழுத்து மறந்துபோயிருந்தது. கடைப் பலகையைப் பார்க்கிறேன், படிக்க முடியவில்லை. அடுத்த கடை, அதுவும் அப்படியே. எல்லா எழுத்தும் உருண்டை உருண்டையாக, தலையில் ஒரு கொண்டையோடு என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஒரு கணம் உண்மையிலேயே பயந்தேன். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் கனவா?

"நகரி வந்துடுச்சிம்மா, எறங்கலியா?" என்றார் நடத்துநர். ஆந்திரா! ஆர்.கே.பேட்டை வண்டி என்று நினைத்துத் திருப்பதி வண்டியில் ஏறியிருக்கிறேன். "போர்டப் பாத்து ஏற மாட்டீங்களா?" என்று கேட்டார். நான் நூலகப் பொறுப்பாசிரியை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

திரும்பிப் போகும் வண்டிக்காகச் சாலையோரம் நின்றேன். தேநீர்க் கடைக்காரர் எங்கள் ஊர் தே தாரிக் போலவே கைக்குக் கை உயர்த்தி ஆற்றினார், ஆனால் பாதி உயரம்தான். சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் ஒரு கொட்டகை வாசலில் ஒரு பெண்மணி, இந்தப் பக்கம் என்னருகே இன்னொருத்தி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாயை அகலமாகத் திறந்தும் குவித்தும் அசைத்தார்கள். குரலே இல்லை. நடுவில் லாரி மறைத்தால் நிறுத்துவார்கள், போனதும் தொடர்வார்கள். திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏதோ விளையாட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தூக்கம் தெளியாத கண்ணுக்கு அது அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது சத்துணவு நேரம். தக்காளிச் சோறும் முட்டையும். பிள்ளைகள் எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் முட்டையை எப்படிச் சாப்பிடுகிறேன் என்று பார்க்கச் சுற்றி நின்றார்கள்.

அப்புறம் அந்த அறை. திரையில் பார்த்ததைவிடச் சிறியது, திரையில் பார்த்ததைவிட அழகானது. இரண்டு பெரிய சன்னல்கள். ஜெசிந்தாவும் கணவரும் ஒரு கோடை விடுமுறையில் தாங்களே வெள்ளையடித்த சுவர்கள். பிள்ளைகள் கைக்கெட்டும் உயரத்தில் அலமாரிகள். தரையில் கோரைப்பாய். சன்னலுக்கு வெளியே வேப்ப மரம், தூரத்திலிருந்து எந்நேரமும் தடதடவென்று மெல்லிய சத்தம். "என்ன அது, மழையா?" என்று கேட்டேன். "தறிக்கா. பவர்லூம். இந்த ஊர்ல அது நின்னாத்தான் என்னாச்சின்னு எல்லாரும் வெளிய வந்து பாப்பாங்க," என்றாள்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை: 'வாய் மூடு, கண்ணால் படி'. போன வருஷம் இதை எழுதி மாட்டியதும் திரையில் பெருமையாகக் காட்டினாள். நானும் கைதட்டினேன். எங்கள் நூலகத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. உதடு அசைத்துப் படிக்கிற பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை. உதடு அடங்கினால் வாசிப்பு வந்துவிட்டது. நான் படித்ததும் பயிற்சிகளில் கேட்டதும் அதுதான்.

ஏழாம் வகுப்பு உள்ளே வந்தது. ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் ஓர் ஓரமாக, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா இந்தப் பக்கம் இருக்கும்வரை எல்லா வாயும் மூடியிருந்தது. அவள் அலமாரிப் பக்கம் திரும்பியதும், புத்தகத்துக்குப் பின்னால் உதடுகள் அசையத் தொடங்கின. ஒன்றிரண்டு பிள்ளைகள் இல்லை, ஏறக்குறைய வகுப்பு முழுதும்.

அதிலும் சன்னலோரம் இருந்த லாவண்யா என்ற பெண் யாரையும் சட்டை செய்யவில்லை. நீளச் சடை, நெற்றியில் துளி விபூதி. வாயை அகலமாகத் திறக்கிறாள், குவிக்கிறாள், பல்லைக் காட்டுகிறாள், புருவத்தை ஏற்றுகிறாள். ஒவ்வொரு வரிக்கும் முகமே பாடுபட்டது. பாவம், ஏழாம் வகுப்பில் இன்னும் இவ்வளவு கஷ்டமா என்று எனக்கு மனம் கனத்தது.

தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். நரைத்த மீசை, கையில் சாவிக் கொத்து, கனிவான மனிதர். "எப்டிங்க மேடம் நம்ம பசங்க?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமை சொல்கிறேன் சார்," என்றேன். அவர் அதிலேயே புரிந்துகொண்டவர் மாதிரித் தலையாட்டினார்.

வியாழக்கிழமை எட்டாம் வகுப்பைப் பார்த்தேன். அதே கதை. மதியம் வேப்ப மர நிழலில் ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது, அது என் பெரிய குறை.

"உன் பிள்ளைகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள் ஜெசி. முதலில் எளிமையான புத்தகம் வேண்டும். இங்கே இருப்பதில் பாதி அவர்களுக்கு ஆகாது. கூட்டத்தில் அப்படித்தான் நான் சொல்லவேண்டி வரும்."

"சொன்னா ரூம் போச்சி," என்றாள்.

"பொய் சொல்லச் சொல்கிறாயா?"

"பொய் சொல்லுங்கன்னு நான் எப்பக்கா கேட்டேன்?" என்றாள். "என் பசங்க பாடத்துல நல்லா எழுதறாங்க. கேட்டா பதில் சொல்றாங்க. ஆனா படிக்கறப்ப மட்டும் வாய் அசையுது. எனக்கும் ஏன்னு தெரில. தெரிஞ்சிருந்தா ஒங்கள எதுக்குக் கூப்புட்றேன்?"

தூரத்துத் தடதடப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம், அதைவிட என்மேல் கோபம். இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து, சிநேகிதியின் அறைக்கு நானே பூட்டுப் போடப்போகிறேன்.

கடைசியில் அவள்தான் கேட்டாள். "ஆய்வ எழுதறதுக்கு முன்னாடி ஒரு புள்ளை வீட்டையாவது ரெண்டு பேரும் போய்ப் பாக்கணும்னு மொதல் மாசமே பேசி வெச்சோமே. ஒங்க ஊர்ல நீங்க போனீங்க. நான் இன்னும் போவல. சாயங்காலமானா பிரேயர், வீடுன்னு ஓடிடறேன். இன்னிக்குப் போலாமா?"

"லாவண்யா வீட்டுக்குப் போகலாம்," என்றேன். மிகவும் சிரமப்படுகிற பிள்ளையின் வீடு. விஷயம் தெரிந்ததும் லாவண்யா ஓடிப்போய் அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். "மேடம் வர்றாங்கல்ல," என்று ஜெசிந்தாவிடம் அனுமதி கேட்டாள். பெரிய அண்டாவில் ஏறி ஆற்றைக் கடந்துபோகும் ஒரு பெண்ணின் கதை அது.

பள்ளி விட்டதும் மூவரும் நடந்தோம். தெரு போகப் போகத் தடதடப்பு கூடியது. முதலில் அது காதில் இருந்தது, அப்புறம் நெஞ்சில், அப்புறம் காலுக்குக் கீழே தரையில். லாவண்யாவின் வீடு என்பது முன்னால் ஓர் அறை, பின்னால் தறிக்கொட்டகை. கொட்டகைக்குள் நுழைந்ததும் என் குரல் காணாமல் போனது. "வணக்கம்" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

உள்ளே விளக்கு வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மெதுவாக மிதந்தது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவே அவ்வளவு மெதுவாக ஒன்று மிதப்பதைப் பார்க்க மயக்கமாக இருந்தது. மஞ்சள் சேலை ஒன்று விரல் விரலாக வளர்ந்துகொண்டிருந்தது. தறியருகே நின்ற லாவண்யாவின் அம்மா சுசீலா எங்களைப் பார்த்துச் சிரித்து, உட்காரும்படி கை காட்டினாள். ஆனால் தறியை நிறுத்தவில்லை. அடுத்த தறியில் அப்பா, தலையை மட்டும் ஆட்டினார்.

லாவண்யா பையைக் கழற்றி மாட்டினாள். புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு தறியின் எதிர்ப்பக்கம் போய், விளக்குக்கு நேராக முகம் தெரியும்படி நின்றாள். படிக்க ஆரம்பித்தாள்.

நூலகத்தில் பார்த்த அதே முகம்தான். வாய் அகலமாகத் திறந்தது, குவிந்தது, புருவம் ஏறியது. சத்தம் இல்லை. இருந்திருந்தாலும் யாருக்குக் கேட்கும்? சுசீலாவின் ஒரு கண் ஓடும் நூலில் இருந்தது, மறுகண் மகளின் வாயில் இருந்தது. திடீரென்று சுசீலா சிரித்தாள். மகள் பக்கம் புரட்டினாள். அம்மாவின் முகம் மாறியது, கவலையானது, கை நெஞ்சுக்குப் போனது. பக்கத்துத் தறியிலிருந்து அப்பாவும் எட்டிப் பார்த்தார்.

அப்போது ஒரு நூல் அறுந்தது. சுசீலா தறியை நிறுத்தினாள், அப்பாவும் எதற்கோ நிறுத்தினார். சட்டென்று கொட்டகை முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் சுசீலா தெலுங்கில் மகளைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஜெசிந்தா என் கையைப் பிடித்து, எனக்குத் தமிழில் சொன்னாள்: "ஆத்து நடுவுல அண்டா ஓட்டையாயிடுச்சே, அந்தப் பொண்ணு எப்டி கரையேறுவான்னு கேக்கறாங்கக்கா."

நகரியில் சாலைக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்த பெண்கள் கண்முன் வந்தார்கள். எழுத்துக் கூட்டுகிறாள் என்று நான் எடை போட்ட பெண், ஒரு வரியும் இடறாமல், தமிழ் எழுத்தைப் பார்த்து, வீட்டில் தெலுங்கு பேசும் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி, காது கேட்காத இடத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுசீலா அறுந்த நூலை முடிந்துகொண்டே எங்களிடம் தமிழில் பேசினாள். "தறி ஓடச்சொல யாரு பேசனாலும் காதுல வுழாதுங்க மேடம். வாயப் பாத்துதான் எங்க பேச்செல்லாம். எங்கம்மாவும் அப்டிதான், இவளும் அப்டிதான். இவ தெனம் ஒரு கதை படிப்பா, நான் வேல செய்துகினே கேட்டுக்குவேன். எனக்குப் படிப்பு இல்ல, இவ வாயிலதான் அல்லாக் கதையும் பாத்தேன்."

"இப்பவும் தினம் படிக்கிறாளா?" என்றேன்.

"எங்க? முன்ன மாதிரி புக்கு எடுத்தாறதில்ல. மத்தியானம் ஸ்கூல்ல ஒரு தபா வாயசச்சிப் பாத்துகினு வந்தாதான் இங்க திக்காம வரும். இப்ப அங்க வாய மூடச் சொல்லிட்டாங்களாம். திக்கித் திக்கி படிச்சா நான் நூல வுட்டுடுவேன்னு, வேணாம்மானு சொல்லிட்டா. இந்தத் தெருவுல அல்லாப் புள்ளைங்களும் அப்டிதான் வுட்டுட்டுச்சிங்க." சுசீலா குறையாகச் சொல்லவில்லை. மழை இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஜெசிந்தா முகத்தைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு படித்த மகாராணிகள் ஒரு வருஷமாக, கடல் தாண்டி, கைதட்டிக் கைதட்டி, ஒரு தெருவின் கதைகளை நிறுத்தியிருக்கிறோம்.

மறுபடியும் தறி ஓடத் தொடங்கியது. கிளம்ப எழுந்தோம். லாவண்யா என்னைப் பார்த்து வாயசைத்து ஏதோ சொன்னாள். போய் வாருங்கள் என்கிறாள் என்று நினைத்துக் கையசைத்தேன். சுசீலா சிரித்துச் சிரித்து, எங்களை முன்னறைக்கு அழைத்து வந்து சொன்னாள். "இருங்கன்னு சொல்லுது மேடம், டீ குடிச்சிட்டுப் போவலாம்னு. 'போங்க'ன்னா மொதல்ல ஒதடு ஒட்டுமே, ஒட்டிச்சா? அத மட்டும் பாருங்க, பாதி பேச்சு புரிஞ்சிடும்." பிறகு தேநீரும் பொறை ரொட்டியும் வந்தன. பொறையைத் தேநீரில் எவ்வளவு நேரம் முக்கினால் உடையாது என்பதையும் அந்த வீட்டில்தான் கற்றேன்.

திரும்பும் வழியில் பள்ளிக்குப் போய், ஜெசிந்தா சாவி வாங்கி அறையைத் திறந்தாள். அந்த அட்டையைக் கழற்றித் திருப்பி வைத்தாள். எங்கள் ஊர் நூலகத்திலும் ஒன்று தொங்குகிறதே, அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நான் நின்றேன். எங்கள் பள்ளியில் தறி இல்லை. ஆனால் உதடு அசைக்கிற பிள்ளைகள் உண்டு. ஏன் என்று நான் அவர்களை ஒருநாளும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தை நூலக அறையிலேயே வைத்தார்கள். ஆசிரியர்கள் நாலைந்து பேர், சுசீலா உட்படச் சில தாய்மார்கள், தலைமையாசிரியர். நான் இரண்டு நாள் பார்த்ததையும், அதை நான் எப்படித் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பதையும், வியாழன் சாயங்காலம் கொட்டகையில் பார்த்ததையும் சொன்னேன். தலைமையாசிரியர் மீசையைத் தடவினார்.

"கதை மனப்பாடமாயிருக்கும் மேடம். தெரிஞ்ச கதைய அம்மா சொல்றது பெரிய விஷயமா?"

"அப்படியானால் நீங்களே ஒன்று கொடுங்கள் சார்."

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அன்று காலை வந்த அலுவலகச் சுற்றறிக்கை. லாவண்யாவை வகுப்பிலிருந்து வரவழைத்துச் சன்னலோரம் நிற்க வைத்துக் கையில் கொடுத்தார். சுசீலாவை மைதானத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே போய் நிற்கச் சொன்னார். ஆசிரியர்கள் எல்லாரும் அடுத்த சன்னலில் முண்டினார்கள். ஜெசிந்தா மட்டும் சிலுவைச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு அலமாரியருகே நின்றாள்.

லாவண்யா படித்தாள். வாய் திறந்தது, குவிந்தது. தொட்டியருகிலிருந்து சுசீலாவின் குரல் உரக்க வந்தது. "மேற்காண்... மேற்காண்... பொருள்... தொடர்பாக... அனைத்து... தலைமையாசிரியர்களும்..." கொஞ்சம் நிறுத்தினாள். "தவறாமல்..." மறுபடி நிறுத்தினாள். கண்ணுக்கு மேலே கைவைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "இது இன்னா கதைங்க சார்? ஆளே காணோம்!"

தலைமையாசிரியர் சிரித்தார் என்றா சொல்வது, தொப்பை குலுங்கக் கண்ணீர் வரச் சிரித்தார். "இருவது வருஷமா எனக்கும் அதே சந்தேகம்தாம்மா!" என்று சன்னல் வழியாகக் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அலமாரியருகே ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள்.

ஆனால் முடிவு சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபின் அவர் மறுபடி தலைமையாசிரியர் ஆகிவிட்டார். "போர்டும் வைக்கணும், மேடம். வேற ரூமுக்கு ஒயரிங் இல்ல. நான் மேல பேசிப் பாக்கணும். ரூம் இருக்குமா போவுமான்னு நாளைக்குச் சொல்றேன்." நல்ல மனிதர்களிடம் இதுதான் தொல்லை, அவர்களோடு சண்டைகூடப் போட முடியாது.

அன்று மாலை ஜெசிந்தா என்னை மலைக்கு அனுப்பி வைத்தாள், தான் அடிவாரத்தில் காத்திருப்பதாகச் சொன்னாள். மேலே நின்று பார்த்தேன். ஊர், ரயில் பாதை, வயல், அப்பால் ஆந்திரத்துக் குன்றுகள், எல்லாம் சாம்பல் நீலத்தில் கரைந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் மலையின் வயிற்றுக்குள் குகையில் சாமி இருக்கும், உள்ளே போய்த்தான் பார்க்கவேண்டும். இங்கே சாமி வெளியே வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் உதடு மட்டும் அசைய ஏதோ வேண்டிக்கொண்டாள். எனக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. அதைச் சத்தம் போடாமல் வாயசைத்துச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ரயில் நிலையம். ஜெசிந்தா இட்லிப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையைப் பிடித்துப் பிடித்து விட்டாள். ஃபோனை அடிக்கடி பார்த்தாள். தலைமையாசிரியரிடமிருந்து அழைப்பு வரவில்லை.

"போச்சின்னா என்னக்கா பண்ணுவேன்?" என்றாள். "அரக்கோணத்துக்கே போயிடுவேன். அந்த ரூமுல போர்டு மாட்டறதை என்னால பாக்க முடியாது."

"போகாது," என்று மட்டும் சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கையில்லை.

ரயில் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து நடுப்பாதையில் ஒரு சரக்கு ரயில் கிளம்பி வந்தது. இரும்புச் சத்தம் நிலையத்தை விழுங்கியது. அதற்குள் ஜெசிந்தா ஃபோனைக் காதில் வைத்திருந்தாள், மற்ற காதைப் பொத்திக்கொண்டு. கேட்டாள். முகம் எதையும் சொல்லவில்லை. பிறகு ஃபோனை இறக்கிவிட்டு, என் சன்னலோடு ஓடிவந்து ஏதோ கத்தினாள். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. கை விரித்தேன்.

அவள் ஓடுவதை நிறுத்தினாள். நடைமேடையில் கால் ஊன்றி நேராக நின்றாள். கத்தாமல், லாவண்யா செய்வது போல, வாயை அகலமாக, நிதானமாக அசைத்தாள்.

நான் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உதட்டைப் பார்த்தேன். ஒட்டுகிறதா? 'போச்சி' என்றால் முதலிலேயே ஒட்டவேண்டும். வாய் முதலில் பல் தெரிய விரிந்தது. அப்புறம் குவிந்தது. ஒட்டவில்லை. அவள் மறுபடி சொன்னாள். விரிந்தது, குவிந்தது. உதடு ஒட்டவே இல்லை.

எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா சொல்றாங்க அவுங்கோ?" என்று கேட்டிருக்கவேண்டும். அவர் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை. நான் ஜெசிந்தாவையே பார்த்துக்கொண்டு, எழுத்துக் கூட்டும் பிள்ளை மாதிரி, உதடு அசைய அதைத் திருப்பிப் படித்தேன்.

இருக்கு.